ஒரு சாண், நாலு விரல்

தேயிலை ஃபாக்டரியின் பெரிய அடுப்பை அணைத்த அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வருஷம் இறங்கவில்லை. ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். எனக்குத் தெரியாது, செவ்வாய்க்கிழமை வரும் நர்ஸம்மாவுக்குத் தெரியாது, மாரியம்மன் கோயில் பூசாரிக்கும் தெரியாது.

என் பெயர் சன்னாசி. முப்பத்துநாலு வருஷம் அந்த அடுப்புக்கு விறகு தள்ளினவன். கோத்தகிரிக்கு மேலே, மேகம் எழுந்திருக்கச் சோம்பல்படுகிற ஒரு சரிவில், சிலோனிலிருந்து திரும்பி வந்த சனங்களுக்கென்று கட்டின லயம் இருக்கிறது, ஒரே சுவரில் ஒட்டின இருபத்திரண்டு வீடு, ஒரே தகரக் கூரை, அதில் ஒன்பதாவது வீடு என்னுடையது. கம்பெனி நொடித்துப்போனது. அடுப்பை அணைக்கச் சொன்னார்கள். கொளுத்துவது எந்த மடையனுக்கும் வரும். பெரிய அடுப்பை அணைக்க மூன்று நாள் வேண்டும். தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். முதல் நாள் விறகை நிறுத்த வேண்டும், இரண்டாம் நாள் தணலை வாரி வெளியே போட வேண்டும், மூன்றாம் நாள் காற்றுக் கதவைச் சாத்திவிட்டு யாரும் கிட்டே போகக்கூடாது. அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டில் கயிறு பொசுங்கியது.

நர்ஸம்மா பாதரசக் குச்சியை என் அக்குளில் வைத்தாள். பாதரசம் ஏறி உச்சியை முட்டி நின்றது. இரண்டாவது குச்சி விண்டது. மூன்றாவதை அவள் பையை விட்டு எடுக்கவில்லை. நோட்டில் 'காய்ச்சல்' என்று எழுதினாள், அடுத்த செவ்வாயும் எழுதினாள், அதற்கடுத்த செவ்வாய் எழுதிவிட்டுத் தன் ஈரக் குடையை என் பக்கத்தில் விரித்துவைத்து அது காயும்வரை உட்கார்ந்திருந்தாள். பூசாரி கீழேயிருந்து வேப்பிலை வரவழைத்து வாசலில் கட்டினார். ஒரு மணி நேரத்தில் சருகாகி உதிர்ந்தது.

"அம்மா வந்து எறங்கியிருக்கா" என்றார்.

"எப்ப ஏறுவான்னு கேட்டுச் சொல்லு" என்றேன்.

அதன் பிறகு அவர் விபூதி கொண்டுவரவில்லை. மழையில் நனைந்த கோயில் திரைச்சீலையைக் கொண்டுவந்தார், காயப்போட.

எங்கள் சனங்களுக்கு எதுவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதலில் பக்கத்து வீட்டுச் செங்கமலம் மாவுப் பானையோடு வந்தாள். இந்த உயரத்தில் மார்கழியில் அரைத்த மாவு மூன்று நாளானாலும் கல்லாய் உட்கார்ந்திருக்கும், என் பக்கத்தில் வைத்தால் நாலு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது, இட்லியில் லேசாய் விறகுப் புகை வாடை அடித்தது, யாரும் குறை சொல்லவில்லை. மாவுக்குப் பின்னால் தயிர் வந்தது, தயிருக்குப் பின்னால் அட்டைப் பெட்டியில் கோழிக்குஞ்சு வந்தது, குஞ்சுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டைகள் வந்தன, அதற்கும் பின்னால் முழங்கால்கள் வந்தன, நாற்பது வருஷம் சரிவில் நின்று கொழுந்து கிள்ளின முழங்கால்கள், வரிசையாய் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து புடவையை முட்டிவரை ஏற்றிக்கொண்டு, தங்களுக்குள் ஊர்க்கதை பேசிக்கொண்டு, நான் ஒருத்தன் அங்கே இருக்கிறேன் என்பதை மறந்து.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படுங்களேன். எடது பக்கந்தான் சூடு ஜாஸ்தி."

"நான் என்னா தோசையா?"

"தோசைன்னா நாங்களே திருப்பிக்குவோம்."

லயத்துத் தலைவர் வெள்ளையன், பழைய யூனியன்காரர், காலண்டர் தாளின் முதுகில் முறை எழுதி என் கதவில் ஒட்டினார். காலையில் மாவு, பத்து மணிக்கு முழங்கால், மத்தியானம் துணி, சாயங்காலம் குஞ்சு. என்னைக் கேட்கவில்லை. அடுப்பை எவன் கேட்பான்.

அந்த முறையில் எழுதாதது ஒன்று இருந்தது. அது என் மருமகளுடையது.

அம்சவேணி மெட்ராஸ் கொளத்தூர்க்காரி. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் கண்ணாடித் தொட்டி கட்டி அழகு மீன் வளர்ப்பார்கள். அவள் அப்பாவும் அப்படித்தான். என் மகன் தியாகு அங்கே வேலைக்குப் போன இடத்தில் இவளைப் பார்த்தான். வீட்டில் வேண்டாமென்று சொல்லியும் இவள் கேட்காமல் அவனைக் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு எங்கள் குளிருக்கு வந்து சேர்ந்தாள். வாளியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். குளிரில் மீன் வளர்க்க வந்தவளைப் பார்த்து லயமே சிரித்தது. அவள் என் அறைச் சுவர் ஓரமாய் ஆறு தொட்டி வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததே என்னிடம் பெரிசு.

ஃபாக்டரி மூடின வாரம் தியாகு திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போனான். இரண்டு பொங்கலுக்கு வந்தான். பிறகு ஃபோன் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

மீன் குஞ்சு அசைகிறதைத்தான் தின்னும். அசையாததைத் தொடாது, பட்டினி கிடந்து சாகும். அதற்கென்று அம்சவேணி ஒரு டப்பா வைத்திருந்தாள். உள்ளே பழுப்புத் தூள், நம் டஸ்ட் டீ மாதிரியே. ஆர்ட்டீமியா என்பாள். உப்புத் தண்ணீரில் இருக்கிற பூச்சியாம், இறால் ஜாதியாம், அதன் முட்டையாம். காய்ந்து கிடக்கிறவரை வருஷக்கணக்கில் சாகாது, பிறக்காது. அடி அறுத்த தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாய் நிறுத்தி, கல்லுப்புக் கரைத்து, செல் போட்ட பம்ப்பால் அடியிலிருந்து காற்று விட்டு, ஒரு ஸ்பூன் தூளைக் கொட்டி, இளஞ்சூட்டில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வைத்தால் செங்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாய் உயிர் நீந்தும். முன்பெல்லாம் குண்டு பல்பு போட்டுச் சூடு காட்டுவாள். கம்பெனி போன பிறகு எங்களுக்குக் கரண்ட் வருவதும் போவதும் சாமி வருகிற மாதிரி. பாட்டில் குளிர்ந்தது, முட்டை பொரியவில்லை, முதல் ஈடு மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன. அவள் சல்லடையில் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, கொட்டின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் அப்படி நிற்பாள்.

"பாட்டிலக் கொண்டா" என்றேன்.

"இன்னாத்துக்கு மாமா?"

"கொண்டான்னா கொண்டா."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீரில் ஆவி பறந்தது.

"வெந்துபோச்சு மாமா" என்றாள். "சூப் வெச்சிட்டீங்க."

அடுப்புக்காரனுக்குச் சூடு தெரியாதா? புறங்கையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாய் என் நெஞ்சிலிருந்து விலக்கிப் பார்த்தேன். ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல். அந்த இடத்தில் சூடு சரியாய் நின்றது, மாறவில்லை. அங்கே பாட்டிலை நிறுத்தி, நான் ஒருக்களித்துப் படுத்து, அசையாமல் இருந்தேன். மறுநாள் காலையில் அவள் பாட்டில் அடியில் டார்ச் அடித்தாள்; வெளிச்சத்தைத் தேடிச் செந்தூளாய் இறங்கி வந்தன, ஆயிரம், இரண்டாயிரம். அவள் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் பல்லைப் பார்த்தேன்.

அதிலிருந்து தினம் ஒரு பாட்டில். மற்ற எல்லாவற்றுக்கும் முறை உண்டு, பாட்டிலுக்கு முறை கிடையாது. மீன் இருக்கிறவரை இவள் இருப்பாள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

பதிலுக்கு அவள் சாக்கு நனைத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை என்மேல் ஈரச் சாக்குப் போடாவிட்டால் கட்டில் புகையும். ஒரே ஒரு நாள் செங்கமலத்தை நம்பிக் கோத்தகிரிக்குப் போய்வந்தாள். இந்த அம்மா கதை பேசி மறந்துபோக, வந்து பார்க்கும்போது கூரை விட்டம் ஒரு முழத்துக்குக் கரியாகியிருந்தது. அதன் பிறகு அவள் தூரமாய் எங்கேயும் போகவில்லை.

ஒன்றரை வருஷம் முன்னால் வெள்ளையன் திருப்பூரில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்த அன்று முழங்கால் நேரத்துக்குக் காத்திருக்காமல் நேரே வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்சவேணி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"தியாகுவப் பாத்தேன்."

"ம்."

"கூட ஒரு பொம்பள. இடுப்புல ஒரு புள்ள. அவன் சாடை." வெள்ளையன் உள்ளங்கைகளை என் பக்கம் நீட்டிக் காய்ந்துகொண்டார். "வரமாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிருங்கன்னான். அவகிட்டயும் சொல்லிருங்கன்னான்."

"அவகிட்ட சொல்லாத."

கட்டில் கால் லேசாய்ப் புகைந்தது. வெள்ளையன் அதைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், கதவில் தான் ஒட்டின காலண்டர் தாளைப் பார்த்தார்.

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றார்.

ஒரு வாரத்தில் இருபத்தியோரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பெண்கள் குழாயடியில் கேட்டதை வாசல்படிவரை காப்பாற்ற முடியாதவர்கள். அவர்கள் இதைக் காப்பாற்றினார்கள். மாவு கரைக்கும்போது காப்பாற்றினார்கள், முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது காப்பாற்றினார்கள், "தியாகு எப்பம்மா வர்றான்?" என்று அவளிடமே கேட்டு அவள் "தீவாளிக்கு வரலாம்" என்று சொல்லும்போது தலையாட்டிக் காப்பாற்றினார்கள். அவள் போனால் சாக்கு நனைக்க ஆள் இல்லை, சாக்கு நனையாவிட்டால் நான் எரிந்து முடிவேன், நான் முடிந்தால் மாவு கல்லாகும். ஒரு லயமே ஒரு பெண்ணை ஒரு பொய்க்குள் உட்காரவைத்து மூடியது, பொத்தினாற்போல, சூடு வெளியே போகாமல். யோக்கியர்கள். நான் அவர்களில் முதல் யோக்கியன்.

அன்றிலிருந்து என் சூடு இன்னும் ஒரு படி ஏறியது. பாட்டிலின் இடத்தை நகர்த்த வேண்டியிருக்குமோ என்று பார்த்தேன். ஈரச் சாக்கை இரண்டாய்ப் போட்டதில் சரியாய்ப் போனது.

இந்த ஐப்பசியில் அவள் அண்ணன் ஃபோன் பண்ணினான். ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

"அப்பா வரச் சொல்றாரா? நெசமாவா?" என்றாள். "மாடில தொட்டி எல்லாம் சும்மாத்தான் கெடக்குதா... இல்லண்ணா. எப்டி வர்றது? அவரு வந்து நான் இல்லன்னா? மாமாவ இப்டி நெருப்பா உட்டுட்டு வர முடியுமா? இந்தச் சூடு எறங்கட்டும். எறங்கும்ணா. மனுசன் எவ்ளோ நாளு எரிவாரு."

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தேன். அவளை மீன் பிடித்து வைத்திருக்கவில்லை. நான் பிடித்து வைத்திருந்தேன், சூட்டால் ஒரு கை, பொய்யால் ஒரு கை. தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் கிடந்தேன், அதற்கு மறுநாளும் கிடந்தேன். அவள் சாக்கு நனைத்தாள். சுகமாய்த்தான் இருந்தது.

கார்த்திகை மழையில் ஏஞ்சல் ஜோடி கடைசியாய் ஒரு ஈடு முட்டை வைத்தது. முட்டை பொரிந்த வாரமே இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செத்தன, கிழடு தட்டிப்போய். வாளியில் வந்த ஜோடி. முந்தின ஈடுகளில் வளர்ந்ததையெல்லாம் கோத்தகிரிக் கடைக்காரன் வந்து வாங்கிப் போயிருந்தான், மிச்சம் இருந்தது இருநூறு குஞ்சு, அரிசி நொய் அளவு. இன்னும் பதினைந்து நாள் உயிருள்ள தீனி கொடுத்துவிட்டால் பிறகு அரைத்த தீனி தின்னப் பழகும். "இதுங்க போச்சுன்னா அவ்ளோதான் மாமா" என்றாள் அம்சவேணி. "எங்கப்பா தொட்டி வம்சமே முடிஞ்சுது."

அந்த வாரத்தில் ஒரு நாள் பத்து மணிக்கு, முழங்கால்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை கொட்டியது. அம்சவேணி கல்லுப்பு வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். செங்கமலத்துக்கு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கும் ஆசை வந்தது. நான் கண் அயர்ந்திருந்தேன். அடுக்களை அலமாரியில் டப்பாவைத் திறந்தாள், பழுப்புத் தூள் இருந்தது, போட்டாள். நிறம் இறங்கவில்லை. இன்னும் போட்டாள். வேறு எந்த ஊரிலும் இந்த இடத்தில் யாராவது முகர்ந்து பார்த்திருப்பார்கள். எங்கள் சனங்கள் மூன்று தலைமுறையாய் நல்ல கொழுந்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஃபாக்டரி கூட்டிப் பெருக்கின சக்கையைக் குடித்து வளர்ந்தவர்கள். நிறமும் வாடையும் இல்லாத டீ அவர்களுக்குப் புதிதல்ல. டீ என்றால் அப்படித்தான் இருக்கும், நாலு கை கூடப் போட வேண்டும், அவ்வளவுதான். போட்டாள்.

நான் முழிக்கும்போது பதினைந்து பேரும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"லேசா உப்புக் கரிக்குதே" என்றார் வெள்ளையன்.

"சக்கரை கூடப் போடவா தலைவரே?"

"போடு, போடு."

அம்சவேணி உள்ளே வந்தாள். டம்ளர்களைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். உப்புப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாக்கா பண்ணீங்க" என்றாள், சத்தமே இல்லாமல்.

செங்கமலம் விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, பூச்சியா?" என்றாள். ஒருத்தி வாசலில் போய்க் குமட்டினாள். வெள்ளையன் மட்டும் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தார். டம்ளர் சூடாக இருந்தது, வீணாக்க மனசில்லை.

டப்பாவில் மூன்று ஸ்பூன் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன். புது டப்பா மெட்ராஸிலிருந்து வந்து சேர எட்டு நாள் ஆகும். குஞ்சோடு கீழே இறங்கினால் ஒரே நாளில் அண்ணன் மாடி, அங்கே எல்லாம் இருக்கிறது. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, தொட்டியிடம் சொன்னாள், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு. பிறகு எழுந்து வந்து சாக்கை நனைத்து என்மேல் போட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூன்று நாளில் தீனி தீரும், நாலாம் நாள் குஞ்சு மிதக்கும், ஐந்தாம் நாள் அள்ளிக் கொட்டுவாள், அதன் பிறகு மீனும் இல்லை, வம்சமும் இல்லை, ஃபோனும் குறையும், அவள் இங்கேயே இருந்து சாக்கு நனைத்துக் கிழவியாவாள். என் கணக்கு ஜெயிக்கும். அன்று முழுக்க அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. சரியாக வந்ததுதான் உறுத்தியது.

பெரிய அடுப்பை அணைக்க மூன்று நாள்.

மறுநாள் காலை, அவள் முதல் ஸ்பூனைப் பாட்டிலில் கொட்டிக்கொண்டிருந்தபோது விறகை நிறுத்தினேன்.

"தியாகு வரமாட்டான்."

அவள் திரும்பவில்லை. "தீவாளிக்குத்தான் வரல. பொங்கலுக்கு..."

"வரமாட்டான். அங்க ஒருத்தியோட இருக்கான். புள்ள இருக்கு."



"யார் சொன்னது?"

"வெள்ளையன் பாத்தான்."

"எப்போ?"

"ஒன்னரை வருஷம்."

ஸ்பூனைக் கழுவினாள். துடைத்தாள். டப்பாவை மூடினாள். "எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மாமா என்றும் கூப்பிடவில்லை. அன்றைக்குச் சாக்கு நனைக்கும் நேரம் வந்தது, போனது. அவள் தொட்டிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் புகைந்தது. புகையட்டும் என்று கிடந்தேன். பிறகு தானாகவே புகை நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாய் எனக்கு வியர்த்தது.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "வரேண்ணா." அவ்வளவுதான் பேசினாள்.

இரண்டாம் நாள் தணலை வாரினேன். காலண்டர் தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன். எவன் வேண்டுமானாலும் வா, எவ்வளவு வேண்டுமானாலும் காய், முறை கிடையாது என்றேன். வந்தார்கள். இருபத்தியோரு வீடும் வந்தது, பானை பானையாய், மூட்டை மூட்டையாய், கம்பளி, தலையணை, மழைக்கு ஊறின விறகு, ஈரச் செருப்பு, பூசாரியின் பறை, நர்ஸம்மாவின் குடை, என் கையை ஒருத்தி பிடித்துக்கொள்ள, காலை ஒருத்தி பிடித்துக்கொள்ள, அள்ளிக்கொண்டே இருந்தார்கள், மத்தியானம் ஆனபோது செங்கமலம் என் கையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, கொறையுது."

வெள்ளையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னா சன்னாசிண்ணே, வேணும்னே அணைக்கிறியா?"

"ஆமா."

"தை மாசப் பனி வரப்போவுது. எங்கள என்னா சாகச் சொல்றியா? இருபத்திரண்டு குடும்பம்ணே!"

"மூணு வருஷம் முந்தி எப்படி இருந்தீங்க?"

"அது அப்ப. இப்பப் பழகிருச்சு."

"அவகிட்ட நான் சொல்லிட்டேன்."

அம்சவேணி அடுக்களையிலிருந்து தெர்மாக்கோல் பெட்டியோடு வெளியே வந்தாள். அத்தனை பேரும் அவளுக்கு வழி விட்டார்கள். ஒருத்தரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள், நிதானமாய், வீட்டு நம்பர் வரிசையில் பார்க்கிற மாதிரி. "அந்தப் பானைங்கள எடுத்துக்கினு போங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் கதவைச் சாத்தச் சொன்னேன், ஜன்னலையும். யாரும் கிட்டே வரவில்லை. கடைசி ஸ்பூன் பாட்டிலில் இருந்தது. மறுநாள் காலை பஸ். புறப்படுமுன் குஞ்சுகள் ஒரு தடவை வயிறு நிறையத் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் பயணம் தாங்காது.

பாட்டிலை ஒரு சாண் நாலு விரலில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையைப் பிடித்துப் பார்த்தேன், சூடு போதவில்லை. நாலு விரலை எடுத்தேன். ஒரு சாண். மத்தியானம் அதுவும் போதவில்லை, சாணைப் பாதியாக்கினேன். மழை தகரத்தில் விழுந்தது, விட்டத்துக் கரியின் வாடை வந்தது, எனக்குப் பல் கிட்டியது, கிட்டவிடாமல் துணியைக் கடித்துக்கொண்டேன், ஆட்டம் கண்டால் பாட்டில் அலுங்கும். பொழுது சாயும்போது இரண்டு விரல். விளக்கு வைக்கும் நேரம் சட்டைப் பித்தானைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், முதல் நாள் வேகவைத்தேனே, அதே மாதிரி. இப்போது வேகவில்லை. அவள் வந்து என் மேல் ஒரு போர்வையைப் போட்டாள். காய்ந்த போர்வை. பாட்டிலையும் சேர்த்து மூடினாள்.

விடிந்ததும் போர்வையை விலக்கி அடியில் டார்ச் அடித்தாள். நான் பார்க்கவில்லை. அவள் மூச்சை உள்ளே இழுத்ததைக் கேட்டேன், பொரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வடிகட்டினாள். இருநூறும் தின்றன. வயிறு செங்கல் நிறமாய்ப் புடைத்ததும் பை பையாய்க் காற்றடைத்துக் கட்டிப் பெட்டியில் அடுக்கினாள். அதே துணிப்பையைத் தோளில் மாட்டினாள். வாசலில் இருபத்தியோரு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். செங்கமலம் ஒரு பொட்டலம் நீட்டினாள், இட்லி. வாங்கிக்கொண்டாள். வாங்காமல் போவாள் என்று நினைத்தேன்.

நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. உதறல்.

"குளிரும் மாமா" என்றாள். "பொட்டிக்கு மேல ஸ்வெட்டர் கீது. அவரோடதுதான். பரவால்ல, போட்டுக்குங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போ."

போய்விட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செங்கமலத்தின் ஃபோனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாளாம். எத்தனை குஞ்சு பிழைத்தது என்று நான் கேட்கச் சொல்லவில்லை. அவளே சொன்னாளாம், நூற்றுத் தொண்ணூறு.

தை வந்தது, பனி விழுந்தது, மாவு கல்லாய் உட்கார்ந்தது, இரண்டு கோழிக்குஞ்சு விறைத்தது. முதல் வாரம் என்னை ஏசினார்கள். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. நர்ஸம்மா புதுக் குச்சி வைத்துப் பார்த்து, நோட்டில் 'சுகம்' என்று எழுதிவிட்டுப் போனாள். அதன் பிறகு இந்த வீட்டுக்கு வர அவளுக்கு வேலையில்லை. பத்து மணிக்கு முழங்கால்கள் வருவதில்லை. ஆறு தொட்டியும் காலி.

டப்பாவை எறியப்போனவன் அதன் அடி மடிப்பில் நகத்தை விட்டுச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு சிட்டிகை இருந்தது. சும்மா. பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டேன், பம்ப்பில் செல் தீர்ந்திருந்தது, ஸ்பூனால் கலக்கினேன், தியாகுவின் ஸ்வெட்டருக்குள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் ஒன்றுமில்லை. இரண்டு நாள் ஒன்றுமில்லை. என் உடம்பில் இப்போது எல்லோருக்கும் இருக்கிற சூடுதான்.

ஐந்தாம் நாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அடியில் ஒன்று அசைந்தது. ஒன்றே ஒன்று. செங்கல் நிறம். துடுப்புப் போட்டு மேலே வந்தது, கீழே போனது, திரும்ப மேலே வந்தது. அதைத் தின்ன இந்த வீட்டில் ஒரு மீன் கிடையாது.

செங்கமலம் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே, பாட்டில வச்சிக்கிட்டு என்னா பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல" என்றேன். "கதவச் சாத்து. காத்து வருது."